திரைக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களுக்கு

அன்புள்ள தென்னாப்பிரிக்க ஜாஸ் கலைஞர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். “தமிழில் எழுதினால் கேப் டவுனில் யார் படிப்பார்கள்?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கு ஸூலுவும் தெரியாது, ஸோஸாவும் தெரியாது. ஆனாலும் இருபது வருடமாக உங்களைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாதது அதோடு சரியாகப் போயிற்று.

எனக்குச் சங்கீதமும் தெரியாது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. எங்கே கால் விட்டுப்போயிருக்கிறது, எங்கே ஒற்று மிகுந்திருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிப்பேன். மருந்து அட்டையானாலும் சரி, ரெக்கார்டு உறையின் பின்பக்கமானாலும் சரி. உங்களிடம் நான் வந்து சேர்ந்ததே அந்தப் பழக்கத்தால்தான்.

நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது ஒரு சிடி கொண்டுவந்தார். ‘யாகல் இன்கோமோ’. 1968 ஜூலையில் ஜோஹானஸ்பர்க்கில் பதிவானது. பின்பக்கத்தில் நான்கு பெயர்கள். டெனர் சாக்ஸஃபோன் வின்ஸ்டன் மன்குங்கு இங்கோஸி, பாஸ் அக்ரிப்பா மக்வாஸா, டிரம்ஸ் எர்லி மபூஸா. பியானோவில் லயனல் பிள்ளை.

பிள்ளை! இங்கிலீஷில் கடைசி எழுத்தாக ‘ஒய்’ போட்டிருந்தார்கள். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அந்தப் பெயரை அப்படித்தான் எழுதுகிறார்கள். 1860-இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்குப் போனதே, அதிலிருந்து தொடங்கிய வழி. நம் பெயராயிற்றே என்ற அற்பப் பெருமையில்தான் அந்த சிடியைப் போட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நிமிடத்தில் அந்தப் பெருமை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அந்த முதல் உருப்படியை எழுத்தில் சொல்வது கஷ்டம். தலைப்புக்கு மாடு கதறும் ஓசை என்று பொருள், வெட்டப்போகும் இடத்தில் எழும் கதறல். ஆனால் மன்குங்கு கதறுவதில்லை. கதறுவதற்கு முன்னால் தொண்டையில் ஒன்று திரளுமே, அதைத்தான் வாசிக்கிறார். அவசரமே இல்லை. கீழே பாஸ் ஒரே வழியில் நடந்துகொண்டிருக்கிறது, லயனல் பிள்ளை இடம் விட்டு விட்டுக் கோர்டுகளை வைக்கிறார். சாக்ஸஃபோன் ஒரு சொற்றொடரைச் சொல்லிவிட்டு நிற்கிறது. நாம் பதில் சொல்வோம் என்று காத்திருப்பது மாதிரி. அடுத்த உருப்படி அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேனுக்கும் வேய்ன் ஷார்ட்டருக்கும் காணிக்கை. கோல்ட்ரேன் இறந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நியூயார்க்கில் நடப்பதை இவர்கள் எவ்வளவு கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அதிலேயே தெரியும். இவர்களை நியூயார்க் கேட்டதா என்பது வேறு விஷயம்.

1968-இல் உங்கள் நாட்டு நிறவெறிச் சட்டப்படி லயனல் பிள்ளை ‘இந்தியர்’. மற்ற மூவரும் ‘பாண்டு’, அதாவது கறுப்பர். இந்த நால்வரும் ஒரே தெருவில் குடியிருக்க முடியாது. 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் அப்படி. ஒரே மைக்கின் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம், அப்புறம் அவரவர் பேட்டைக்கு அவரவர் போய்விட வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ரெக்கார்டை முன்புபோல் கேட்க முடியவில்லை. பாஸுக்கும் பியானோவுக்கும் நடுவே உள்ள இடைவெளிகூட வேறு மாதிரி கேட்கிறது. இது என் கற்பனையாக இருக்கலாம்.

மன்குங்குவைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். கேப் டவுன் நகர மன்றத்தில் வெள்ளையர் குழுவோடு அவர் மேடையில் தோன்றக் கூடாது என்பதால் திரைக்குப் பின்னால் நின்று வாசித்தார். முன்னால் ஒரு வெள்ளையர் சாக்ஸஃபோனை வாயில் வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் பாவனை செய்தார். அறிவிப்பில் பெயர் ‘வின்ஸ்டன் மேன்’. மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு இதைவிடக் கோபம் வருகிற விஷயம் இல்லை. ஆளை மறைத்தது போதாதென்று பெயரையும் பாதியாக வெட்டியிருக்கிறார்கள்.

இந்த மடல் முக்கியமாக அப்படி மறைந்து நின்றவர்களுக்கு, அதாவது ஊரிலேயே இருந்தவர்களுக்கு. வெளியே போனவர்களைத்தான் உலகம் அறியும். அவர்களை நானும் குறைவாக நேசிக்கவில்லை. மிரியம் மக்கேபா 1960-இல் அம்மாவின் இறுதிச் சடங்குக்கு ஊர் திரும்ப முயன்றபோது பாஸ்போர்ட் ரத்தாகியிருந்தது. முப்பது வருடம் வீடில்லாமல் பாடினார். ஹ்யூ மசகேலா நிலக்கரி ரயிலைப் பற்றிப் பாடும் ‘ஸ்டிமேலா’வில் தொண்டையாலேயே எஞ்சினை ஓட்டுவார். ‘ப்ளூ நோட்ஸ்’ குழுவில் கிறிஸ் மெக்ரெகர் வெள்ளையர், மற்ற ஐந்து பேரும் கறுப்பர். சேர்ந்து வாசிப்பதே குற்றம் என்று இருந்த நாட்டிலிருந்து 1964-இல் பிரான்ஸில் ஒரு விழாவுக்கென்று கிளம்பினார்கள். ஒரு குழுவாகத் திரும்பவே இல்லை. மொங்கெஸி ஃபெஸா 30 வயதில் லண்டனில் இறந்தார். அவருடைய அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும் மிச்சமிருந்தவர்கள் ஸ்டூடியோவுக்குப் போய் வாசித்த ரெக்கார்டை நான் வருடத்துக்கு ஒருமுறைதான் போடுகிறேன். அதற்கு மேல் தாங்காது. கடைசியாக எஞ்சிய லூயி மொஹோலோ 2005-இல் ஊர் திரும்பினார். 2025 ஜூனில் அவரும் போய்விட்டார்.

இவர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன. விமானம் ஏறுவதில் ஒரு கதை இருக்கிறது, திரும்பி வருவதில் இன்னொரு கதை. ஊரிலேயே இருந்தவனுக்கு என்ன கதை? திங்கட்கிழமை இருந்தான், செவ்வாய்க்கிழமையும் இருந்தான். கையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவில் தெருவில் நடக்க முடியாது. வெள்ளையர் கிளப்பில் வாசிக்கலாம், ஆனால் அதே கிளப்பில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார முடியாது. அரசு வானொலி ஸூலுவுக்கு ஒரு நிலையம், ஸோஸாவுக்கு ஒரு நிலையம் என்று பிரித்து வைத்திருந்தது. நகரத்தில் எல்லோரும் கலந்து உருவாக்கிய இசைக்கு அந்தப் பங்கீட்டில் இடம் ஏது? பிடிக்காத பாட்டு இருந்தால் ரெக்கார்டின் மேலேயே கீறல் போட்டு வைப்பார்கள், யாரும் தவறியும் ஒலிபரப்பிவிடாமல் இருக்க.

இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு ஸ்வரம் பிசகாமல் வாசித்திருக்கிறீர்கள்.

கிப்பி மொயெகெட்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் பிறந்தவர். ‘ஜாஸ் எபிஸில்ஸ்’ குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் அண்ணன், ஆசான். மசகேலாவுக்கு அப்போது 20 வயது. இன்று அப்துல்லா இப்ராஹிம் என்று நாம் அறிகிறவர் அப்போது டாலர் பிராண்ட், அவருக்கு 25. டிராம்போனில் ஜோனாஸ் க்வாங்வா. 1960 ஜனவரியில் ஒரே ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள், 500 பிரதி. தென்னாப்பிரிக்கக் கறுப்பர் ஜாஸ் குழு ஒன்றின் முதல் ஆல்பம் அதுதான். இரண்டே மாதத்தில் ஷார்ப்வில். போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். நெருக்கடி நிலை வந்தது, கூட்டம் கூடக் கூடாது என்றார்கள். கூட்டம் இல்லாமல் என்ன ஜாஸ்? மசகேலா அந்த வருடமே போனார், டாலர் பிராண்ட் 1962-இல். க்வாங்வா ‘கிங் காங்’ இசை நாடகத்தோடு லண்டன் போனார். கிப்பியும் அதே நாடகத்தோடு லண்டன் போனவர்தான். ஆனால் திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு 22 வருடம். நடுவில் நீண்ட மௌனங்கள். எழுபதுகளில் சில பதிவுகள் இருக்கின்றன. பேட் மட்ஷிகிஸாவோடு 1975-இல் வாசித்த ‘ட்ஷோனா’வில் அவருடைய ஆல்டோ சாக்ஸஃபோன் நுழைகிற இடத்தைக் கேளுங்கள். வேறு நாட்டில் பிறந்திருந்தால் அமெரிக்க ஆல்டோ மேதை சார்லி பார்க்கருக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியிருப்பார்கள் என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த வாசிப்பில் இருக்கும் லேசான புளிப்பு வேறு நாட்டில் வந்திருக்காது. 1983-இல் வறுமையில் இறந்தார். பிறகு அவர் பெயரில் ஜோஹானஸ்பர்க் நியூடவுனில் ஒரு கிளப் வந்தது, சிலை வந்தது, கேப் டவுன் ஜாஸ் விழாவில் ஒரு மேடைக்கே ‘கிப்பீஸ்’ என்று பெயர். செத்த பிறகு மேடை கொடுப்பது உலக வழக்கம்போல.

இப்போது நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். ‘மனென்பர்க்’.

இதைப் பற்றிச் சொல்ல இன்னும் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் நாட்டில் கல்யாண வீட்டிலும் வாசிக்கிற மெட்டாயிற்றே. ஆனால் எனக்கு இருக்கிறது. 1974 ஜூன், கேப் டவுன் ஸ்டூடியோ. அப்துல்லா இப்ராஹிம் வெளிநாட்டு வாழ்க்கைக்கு நடுவே சில வருடங்கள் ஊரில் இருந்த சமயம். ஸ்டூடியோவில் இருந்த நேர்நிலைப் பியானோவின் சுத்தியல்களில் தாள் குத்தும் தட்டைத் தலை ஊசி குத்தியிருந்தது. அதனால்தான் அந்தத் தகர ஓசை. பெரிய கச்சேரிப் பியானோவில் வாசித்திருந்தால் இந்தப் பாட்டு செத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அந்த ஓசை பழைய மராபி வீடுகளின் ஓசை. 1920-களிலும் 30-களிலும் ஜோஹானஸ்பர்க் சேரிகளில், வீட்டில் காய்ச்சி விற்கும் சாராயக் கடைகளில், மூன்று நான்கு கோர்டுகளை விடிய விடியச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்களே, அது. அந்தப் பியானோக்காரர்களில் பெரும்பாலோரின் வாசிப்பு பதிவாகவே இல்லை. பெயர்கூட மிச்சமில்லாத அவர்கள் சுற்றிய அதே சுற்றைத்தான் ‘மனென்பர்க்’கும் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் சுற்றுகிறது. ஒரு பக்கம் முழுக்க ஒரே மெட்டு. நம் ஊர்ச் சொல்லில் ஆவர்த்தனம் என்று சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் பொருந்துகிறது. ஒவ்வொரு முறை தொடங்கிய இடத்துக்கு வரும்போதும் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அந்த வீடு அப்போது இடிந்துகொண்டிருந்தது என்பதுதான் விஷயம். 1966-இல் கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பேட்டை வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 60,000 பேருக்கு மேல். காற்றும் மணலும் மட்டுமே இருந்த கேப் ஃபிளாட்ஸ் பொட்டலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதில் ஒரு பேட்டை மனென்பர்க். அப்படிக் கொட்டப்பட்ட இடத்தின் பெயரில் ஒரு பாட்டு எழுதினால் ஒப்பாரியாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இது ஆடச் சொல்கிறது. நிதானமாக, தோளை மட்டும் அசைத்து. முதல் தடவை கேட்டபோது எனக்கு அது பிடிபடவே இல்லை, இவ்வளவு சாதாரணமாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டேன். மூன்றாம் தடவைதான் பேஸில் கோட்ஸியின் சாக்ஸஃபோன் கேட்டது.

பேஸில் கோட்ஸி டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பிறந்தவர். அந்தத் தனி வாசிப்புக்குப் பிறகு ஜனங்கள் அவரை ‘பேஸில் மனென்பர்க் கோட்ஸி’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ராபி ஜான்சன், பாஸில் பால் மைக்கேல்ஸ், டிரம்ஸில் மான்ட்டி வெபர், ஆல்டோவில் மோரிஸ் கோல்ட்பர்க். இந்த கோல்ட்பர்க்தான் பின்னாளில் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் உலகப் புகழ் பெற்ற ஒரு பாட்டில் அந்தச் சின்னத் தகரக் குழலை ஊதியவர். பாட்டு தெரிந்த பல பேருக்கு ஊதியவர் தெரியாது. ரெக்கார்டை வெளியிட்டவர் ரஷீத் வாலி, ஜோஹானஸ்பர்க்கில் ‘கோஹினூர்’ என்ற கடை வைத்திருந்த இந்திய வம்சாவளிக்காரர். அவருடைய லேபிளின் பெயர் ‘அஷ்-ஷம்ஸ்’, சூரியன் என்று பொருள். கடை வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டைப் போட்டார். தெருவில் போனவர்கள் நின்று, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். விளம்பரம் அவ்வளவுதான்.

1976-இல் சோவெட்டோ எழுச்சிக்குப் பிறகு அப்துல்லா இப்ராஹிம் மறுபடி வெளியேறினார். பாட்டு எழுதியவர் போய்விட்டார், பாட்டு அங்கேயே இருந்தது. யார் கையில்? பேஸில் கோட்ஸி கையிலும் ராபி ஜான்சன் கையிலும். எண்பதுகளில் நிறவெறியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணியின் கூட்டம் எங்கே நடந்தாலும் அவர்கள் போய் அதை வாசித்தார்கள். கண்ணீர்ப் புகைக்கு நடுவே, சர்ச் மண்டபங்களில், பள்ளி மைதானங்களில். நியூயார்க்கில் ஒருவர் அதே மெட்டைக் கச்சேரி அரங்கில் வாசிக்கும்போது ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கேப் ஃபிளாட்ஸில் அதை வாசித்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் தயாராக இருக்க வேண்டும். நான் யாரையும் யாரோடும் ஒப்பிட்டுத் தாழ்த்தவில்லை. ஆனால் ஒரு பாட்டு நாட்டின் பாட்டாக ஆவதற்கு அதை எழுதியவர் மட்டும் போதாது, ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை வாசிக்க உள்ளூரில் ஆள் வேண்டும். கோட்ஸி 1998-இலும் ஜான்சன் 2010-இலும் மறைந்தார்கள். இரண்டு பேருக்கும் நேரில் நன்றி சொல்லும் வாய்ப்பு இல்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

போனவர், இருந்தவர் என்று கோடு கிழிப்பதும் எப்போதும் சரியாக வராது. பெக்கி ம்ஸெலெகு எந்தப் பக்கம்? டர்பன்காரர். சின்ன வயதில் ஒரு விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், யாரிடமும் முறையாகக் கற்காமலே பியானோ வாசித்தவர். லண்டன் போனார், அமெரிக்க ஜாஸில் பெரும் பெயர்களான எல்வின் ஜோன்ஸும் ஜோ ஹென்டர்சனும் அவர் ஆல்பத்தில் வாசித்தார்கள். ஊர் திரும்பி 2003-இல் வெளியிட்ட ரெக்கார்டின் தலைப்பே கடைசியில் வீடு வந்தேன் என்பதுதான். ஆனால் வீடு அவரை வைத்துக்கொள்ளவில்லை. மறுபடி லண்டன், 2008-இல் அங்கேயே மரணம். சுதந்திரம் வந்த பிறகும் ஒரு பியானோ கலைஞனுக்கு ஊரில் பிழைப்பு இல்லை என்றால் அதற்கு யாரைத் திட்டுவது?

சரி, திட்டியது போதும். ஊரிலேயே இருந்து சந்தோஷமான காரியம் செய்தவரும் இருக்கிறார். டிரம்பெட் ஜானி மெகோவா. 1976-இல் ‘ஜாஸ் மினிஸ்டர்ஸ்’ குழுவோடு அமெரிக்காவில் நியூபோர்ட் விழாவுக்குப் போய் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார். 1994-இல் பெனோனிக்குப் பக்கத்தில் டேவிட்டன் என்ற கறுப்பர் குடியிருப்பில் ஒரு இசைப் பள்ளி தொடங்கினார். வீடில்லாத பிள்ளைகள்கூட அங்கே வந்து படித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் மால்கம் ஜியானே. அவருடைய ‘உம்டாலி’யைக் கேட்டேன். டிராம்போன் பெருமூச்சு விடுகிற மாதிரி ஆரம்பித்து எங்கேயோ கொண்டுபோகிறது. மெகோவா 2017-இல் மறைந்தார், அந்த மூச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பியானோ கலைஞர் ந்டுடுஸோ மகதினி அவர்களுக்குத் தனியாக ஒரு வரி. 2020-இல் ‘ப்ளூ நோட்’ என்ற ரெக்கார்டு நிறுவனத்தில் வெளிவந்த உங்கள் ஆல்பத்தின் தலைப்பில் கீழுலகங்களிலிருந்து வரும் கடிதங்கள் என்று இருக்கிறது. நீங்கள் கடிதம் போட்டிருக்கிறீர்கள், ஆகவே பதில் எழுத எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கீழுலகத்தில் மன்குங்குவும் ம்ஸெலெகுவும் இருக்கிறார்கள் என்று உங்கள் இடது கை சொல்கிறது.

கடைசியாக உங்கள் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை, தொழில் முறையில். இப்போது நான் பெரும்பாலும் போனில்தான் கேட்கிறேன். செயலியைத் திறந்தால் ஆல்பம் இருக்கிறது, அட்டைப் படம் இருக்கிறது, யார் வாசித்தார்கள் என்று மட்டும் இல்லை. ‘யாகல் இன்கோமோ’ என்று தேடினேன், மன்குங்குவின் பெயர் வருகிறது. லயனல் பிள்ளையும் மக்வாஸாவும் மபூஸாவும் எங்கே? அந்த சிடியின் பொடி எழுத்து இல்லாமல் போயிருந்தால் நான் உங்களைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். மறுபடி திரைக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டார்கள். இந்த முறை முன்னால் நின்று பாவனை செய்யக்கூட ஆள் இல்லை. புதிய ஆல்பம் போடுகிறவர்கள், பழையதை மறுபதிப்புச் செய்கிறவர்கள், எங்கே ஒரு அங்குல இடம் கிடைத்தாலும் எல்லார் பெயரையும் போடுங்கள். பாஸ் வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர், ஒரே ஒரு பாட்டில் வந்து குழல் ஊதிவிட்டுப் போனவர் வரை. எழுத்தைச் சின்னதாக்கினாலும் பரவாயில்லை, படிக்க ஆள் இருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்,
மெய்ப்புப் பார்ப்பவன்

பி.கு.: கிப்பியின் குடும்பப் பெயரைப் பழைய ரெக்கார்டு உறைகளில் ‘மொகெட்ஸி’ என்றும் பிற இடங்களில் ‘மொயெகெட்ஸி’ என்றும் பார்க்கிறேன். இந்த மடலில் இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன். தவறாக இருந்தால் யாராவது திருத்தி அனுப்புங்கள். மனென்பர்க் பற்றியும் ஒரு சந்தேகம். இங்கிலீஷில் ஊர்ப் பெயரில் ‘ஏ’-க்குப் பிறகு ஒரு ‘என்’, ரெக்கார்டு உறையில் இரண்டு. அதை மட்டும் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.